செத்த போர்டின் எண்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் பள்ளியின் பொன்விழா மலருக்கு, வெளியூரில் வாழும் பழைய மாணவிகள் அனுபவங்களை எழுதி அனுப்பலாம் என்று கடிதம் வந்தது. தவறுதலாக எனக்கு வந்திருக்கும் என்று இரண்டு வாரம் அதைப் பீரோவின் மேலேயே வைத்திருந்தேன். என் வகுப்பில் படித்தவர்களில் ஒருத்தி கனடாவில் இருக்கிறாள், ஒருத்தி துபாயில். நான் இருப்பது பெங்களூரில். குடியாத்தத்தில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். இதைப் போய் அந்நிய வாழ்க்கை என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் படித்ததும் இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது நான் 'உள்ளேன்' என்று சொன்னது டீச்சர் காதில் விழாமல், வந்த நாளிலேயே ஆப்சென்ட் வாங்கியவள் நான். அந்தக் கஸ்தூரிதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எழுத வைத்தது ஒரு சின்ன விஷயம். போன வாரம் என் பெண் வித்யாவோடு ஒரு செல்போன் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண் ஒரு கம்பெனியின் காதுக் கருவியை எடுத்து, வேறு கம்பெனியின் போனோடு, ஒயரே இல்லாமல் சேர்த்துக் காட்டினாள். நான்கைந்து நொடிகூட ஆகவில்லை. "பேசிப் பாருங்க மேடம்" என்று என் காதில் மாட்ட வந்தாள். நான் ஓர் அடி பின்னால் போய் நின்றுவிட்டேன். வித்யா, "ஏம்மா கரன்ட் அடிச்சவங்க மாதிரி நிக்கறே" என்று கேட்டாள். அவளுக்கு அந்தக் கதையில் பாதிதான் தெரியும். இப்போது நான் எழுதுவதையும் அவளால் படிக்க முடியாது. கன்னடமும் இங்கிலீஷும் படிப்பாள். தமிழ் பேசுவாள், அவ்வளவுதான்.

2

நான் செய்த வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்னக் கம்பெனியின் லேபில் சால்டரிங் செய்பவளாக இருந்தேன். பெரிய கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து அப்போது ஒரு பொது விதி எழுதிக்கொண்டிருந்தார்கள். போன், காதில் மாட்டும் கருவி, கம்ப்யூட்டர் எல்லாம் பத்து மீட்டருக்குள் இருந்தால் ஒயர் இல்லாமல் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும். யார் செய்ததாக இருந்தாலும், யாருடையதோடும் பேச வேண்டும். ஆளுக்கு ஒரு விதமாகச் செய்தால் நடக்காது என்பதால் எல்லாருக்கும் ஒரே விதி. அதற்கு ஒரு ராஜாவின் நீலப் பல்லை வைத்துப் பெயர் சூட்டியிருந்தார்கள். அதைக் கேட்டு வீட்டில் என் கணவர் ரொம்ப நேரம் சிரித்தார். விதிப் புத்தகம் ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதில் ஒரு பக்கம்கூட எனக்குப் புரியாது. ஆனால் அதை ஜெராக்ஸ் எடுத்து, மூன்று பாகமாக பைண்டு போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது நான்தான்.

எங்கள் கம்பெனி அந்த விதிப்படி ஓடும் ஒரு சின்ன போர்டு செய்தது. உள்ளங்கை அகலம். அதை போனோடு சேர்த்தால் போன் ஒயரில்லாமல் பேசும். போர்டில் சாமான்களை ஈயம் உருக்கி ஒட்டுவது என் வேலை. அரிசியில் பாதி அளவு இருக்கும் ஒவ்வொன்றும். மனிதர்கள் முன்னால் நடுங்கும் என் கை, சால்டரிங் இரும்பைப் பிடித்தால் நடுங்காது. இது மட்டும்தான் எனக்குக் கிடைத்த வரம்.

ஒட்டி முடித்ததும் ஒவ்வொரு போர்டுக்கும் ஓர் எண் ஏற்ற வேண்டும். இலக்கமும் எழுத்துமாகப் பன்னிரண்டு. உலகத்தில் வேறு எந்தக் கருவிக்கும் அந்த எண் இருக்கக் கூடாது. அதுதான் அதன் முகவரி, ஒரு கருவி இன்னொன்றை அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடும். ஒரே எண் இரண்டுக்கு இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். ஒன்றும் கேட்காது.

எண் எழுதும் நோட்டு என்னிடம் இருந்தது. லேபில் ஒரு பழக்கமும் இருந்தது. ஒரு போர்டு கருகிப் போனால் அதன் எண்ணைப் புதிய போர்டுக்கு ஏற்றிவிடுவோம். மற்ற கருவிகளுக்கெல்லாம் அந்த எண் ஏற்கெனவே பழக்கமாகியிருக்கும். புதிய எண் கொடுத்தால் ஒவ்வொன்றிடமும் மறுபடி அறிமுகம் செய்து வைக்க அரை நாள் போய்விடும். இப்படிச் செய் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன். "செத்தவன் பேரைப் பொறந்தவனுக்கு வைக்கிறோம்" என்று எங்கள் மேலாளர் சேஷாத்ரி சாரே கிண்டலாகச் சொல்லுவார்.

3

பயத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நாங்கள் வந்த இரண்டாவது வருடமோ என்னவோ, காவிரித் தண்ணீர்த் தகராறில் இந்த ஊர் பற்றி எரிந்தது. தொம்மலூரில் ஒற்றை அறை வீடு. என் கணவர் மாணிக்கம் லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். வித்யாவுக்கு இரண்டு வயது. வீட்டுச் சொந்தக்காரர் சாந்தம்மா கன்னடக்காரர். அவரே வந்து சுவரில் இருந்த தமிழ் காலண்டரைக் கழற்றி மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, எங்களை உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார். யார் கேட்டாலும் இவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார். மூன்று நாள். பின் ஜன்னல் வழியாகச் சோறு வரும். வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் குழந்தையின் வாயைப் பொத்திக்கொள்வேன். அவளுக்குத் தெரிந்த இருபது முப்பது சொல்லும் தமிழ்ச் சொல்லாக இருந்ததே, அதனால்.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாந்தம்மா புண்ணியம். ஆனால் அதற்குப் பிறகு பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்வதைத் தவிர வெளியில் நான் எதுவும் பேசுவதில்லை. கடைக்கு வித்யாவைத்தான் அனுப்புவேன். ஐந்து வயதிலேயே அவள் சுத்தமான கன்னடத்தில் பால்காரரோடு சண்டை போட்டாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இவள் யார் வீட்டுப் பெண் என்றும் இருந்தது.

ரேஷன் கார்டு வாங்க ஐந்து முறை போயிருக்கிறேன். படிவம் கன்னடத்தில் இருக்கும். குமாஸ்தா முகவரிச் சான்று கேட்பார். சாந்தம்மா வாடகைப் பத்திரம் போட்டுத் தர மாட்டார், அவருக்கு அவர் பயம். கம்பெனியில் நான் கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்டர் கடிதம் தர மாட்டார். லேபில் இருக்கும் போர்டுக்கெல்லாம் நான் முகவரி ஏற்றிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடமாக எனக்கு இந்த ஊரில் ஒன்று இல்லை.

அந்தப் பன்னிரண்டாம் வருடம்தான் சேஷாத்ரி சார் சொன்னார், கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன் என்று. கம்பெனிக் கடிதம், சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றன. அன்றிலிருந்து பயம் இரண்டு மடங்காகிவிட்டது. இழப்பதற்கு ஒன்று வந்துவிட்டதல்லவா.

4

அந்த மாதம் பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் சோதனைக் கூட்டம் வைத்தார்கள். பல நாட்டுக் கம்பெனிகள் தங்கள் கருவியைக் கொண்டுவரும். இரண்டிரண்டு பேராக ஒரு மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து என் கருவி உன் கருவியோடு பேசுகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் ஒரு தாளில் தேறியது, தேறவில்லை என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும். தேறாவிட்டால் தவறு யார் பக்கம் என்பதையும் எழுத வேண்டும். உள்ளே நடந்ததை வெளியே சொல்லக் கூடாது. அதனால்தான் இங்கே எந்தக் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை.

எங்கள் பக்கம் மூன்று பேர். சேஷாத்ரி சார், மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழர். அவர் தாத்தா மைசூர் அரசாங்கத்தில் வேலை பார்த்தவராம். பிரவீண், ஹூப்ளியிலிருந்து வந்த எஞ்சினியர். என்னை 'ஆன்ட்டி' என்பான், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது நான். போர்டு ஏதாவது கழன்றால் ஒட்டுவதற்கு.

முதல் நாள் ஐந்து கம்பெனிகளோடு சோதித்தோம். ஐந்திலும் தேறினோம். ஐந்திலும் கூப்பிட்டது எங்கள் போர்டு.

இரண்டாம் நாள் காலை எங்கள் மேசைக்கு, தைவானிலிருந்து வந்திருந்த மிஸ்டர் லின் என்பவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தனியாக வந்திருந்தார். எல்லா மேசைக்கும் அன்னாசிப் பழம் வைத்த சின்ன கேக் கொடுத்தார். எனக்கும் இரண்டு கையாலும் நீட்டினார். அவருடையது காதுக் கருவி. பொத்தானை அழுத்தினால் அதுவே போனைக் கூப்பிடும்.

கூப்பிட்டது. சேர்ந்தது. அறுந்தது. மறுபடி கூப்பிட்டது. சேரவே இல்லை. இருபது முறை பார்த்தார்கள். பிரவீண், எங்கள் போர்டு ஐந்து பேரிடம் தேறியிருக்கிறது, குறை உங்கள் கருவியில்தான் இருக்க வேண்டும் என்றான். நியாயமாகத்தான் பட்டது. லின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போது நான் தற்செயலாக ஹாலின் மூலையைப் பார்த்தேன். அங்கே வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக எங்கள் இன்னொரு போர்டை அன்று காலைதான் மின்சாரம் கொடுத்து வைத்திருந்தோம். லின் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் மேசையில் இருந்த போர்டின் பச்சை விளக்கு மினுக்கியது. மூலையில் இருந்ததும் மினுக்கியது. கூடவே. ஒரே தாளத்தில்.

மூலையில் இருந்தது பதினோராம் போர்டு, மேசையில் இருந்தது பதினெட்டு. இரண்டு மாதம் முன்பு கருகிவிட்டது என்று ஒதுக்கினோம். அதன் எண்ணைப் பதினெட்டுக்கு ஏற்றினேன். அப்புறம் ஒரு நாள் கை சும்மா இருந்தபோது பதினொன்றை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு சின்ன சாமான்தான் போயிருந்தது. அதை மாற்றி ஒட்டினேன், உயிர் வந்துவிட்டது. லேபில் கைதட்டினார்கள். சேஷாத்ரி சார் எனக்காக காபி வரவழைத்தார். அந்தச் சந்தோஷத்தில் எண்ணை மாற்ற மறந்துபோனேன். பதினொன்றும் பதினெட்டும் ஒரே எண்ணோடு ஒரே பெட்டியில் ஹோட்டலுக்கு வந்திருந்தன.

நான் வாயைத் திறக்கவில்லை. தாளில் 'தேறவில்லை' என்று எழுதினார்கள். தவறு காதுக் கருவியின் பக்கம் என்று எழுதினார்கள். லின் கையெழுத்துப் போட்டார். நாளை இன்னொரு மணி நேரம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் அவர் பிசிபேளாபாத்தை வாயில் வைத்துவிட்டுக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். நான் தயிர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். நன்றி என்று தலையைக் குனிந்தார். அந்தத் தயிரை நகர்த்திய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

5

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் லேத்தில் வேலை செய்கிறவர், அளவு தப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர். சாப்பிடும் கையை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார்.

"இன்னாத்துக்குச் சொல்லணும்? அந்தாளு வேற நாடு. நாளைக்கு ப்ளேன் ஏறிப் பூடுவாரு. நாம இங்கதான் இருக்கணும்."

"அவர் கையெழுத்துப் போட்டாருங்க, தப்பு தன்னோடதுன்னு."

"போடட்டும். லிஸ்ட்ல உம் பேரு வர வரைக்கும் வாயத் தொறக்காத."

வித்யா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. தலையைத் தூக்காமலே, "அம்மா, தப்பு ஆச்சுன்னு ஹேளிடு. அஷ்டே" என்றாள். சொல்லிவிடு, அவ்வளவுதானே என்கிறாள். அதற்கப்புறம் ரப்பரைக் காணோம் என்று தேட ஆரம்பித்துவிட்டாள். பயமே இல்லாத ஒரு பெண் என் வீட்டில் வளர்கிறாள் என்பதை அன்றுதான் கவனித்தேன். அதுவும் எனக்குப் பயமாக இருந்தது.

6

மூன்றாம் நாள் காலை கூட்டம் தொடங்கும் முன் சேஷாத்ரி சாரிடம் சொன்னேன். ஹோட்டல் லிஃப்ட் பக்கத்தில். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, நோட்டைத் திறந்து இரண்டு வரியையும் காட்டினேன். அவர் இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"வேற யாருகிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்ல சார்."

"நல்லது. பதினொண்ணுக்குப் புது நம்பர் ஏத்திடு, இப்பவே. இன்னிக்கு அவருக்குப் பாஸ் ஆயிடும். யாருக்கும் நஷ்டமில்ல. பிரவீணுக்குக்கூடத் தெரிய வேண்டாம்."

திட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, நிம்மதியில். ஓடிப்போய் எண்ணை மாற்றினேன்.

பத்து மணிக்கு லின் வந்தார். பொத்தானை அழுத்தினார், உடனே சேர்ந்தது. பத்து முறையும் சேர்ந்தது. அவர் முகம் மலர்ந்து போய், இரவெல்லாம் உட்கார்ந்து தன் கருவியின் நிரலை மாற்றிவிட்டதாகவும், பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டியதாகவும், அதனால் சரியாகிவிட்டது என்றும் பிரவீணிடம் விளக்கினார். எங்கள் எல்லாருக்கும் கை கொடுத்தார். எனக்கும். சேஷாத்ரி சார் வாழ்த்துச் சொன்னார்.

பதினொன்றரைக்கு அவர் அடுத்த மேசையில் இருந்தார். முதல் நாள் அவர் தேறியிருந்த ஒரு போன் கம்பெனி அது. புதிய நிரலோடு மறுபடி பார்க்கலாம் என்று அவரே கேட்டிருக்கிறார். பொத்தானை அழுத்தினார். சேரவில்லை. மறுபடி அழுத்தினார். அந்தக் கம்பெனி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லின் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இல்லாத நோய்க்கு அவர் மருந்து சாப்பிட்டிருக்கிறார். அந்த மருந்து இப்போது அவரைப் பிடித்துவிட்டது. சாயங்காலம் இந்த மாற்றத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பப் போவதாக அவர் சொல்லியிருந்தார்.

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மூலைக்குப் போய்ப் பதினொன்றை எடுத்து வந்து எங்கள் மேசையில் வைத்தேன். பழைய எண்ணையே அதில் திரும்ப ஏற்றினேன். பிரவீண், நான் என்ன செய்கிறேன் என்று இங்கிலீஷில் கேட்டான். லின்னிடம் போய்க் கையால் கூப்பிட்டேன். அவர் வந்தார்.

இரண்டு போர்டையும் அவர் முன்னால் வைத்து, அழுத்துங்கள் என்று சைகை காட்டினேன். அழுத்தினார். இரண்டு பச்சை விளக்கும் ஒன்றாக மினுக்கின. சேர்ந்தது, அறுந்தது. பதினொன்றை அணைத்தேன். அழுத்தினார். சேர்ந்தது. மறுபடி போட்டேன். அறுந்தது. நோட்டைத் திறந்து இரண்டு வரியிலும் விரலை வைத்தேன்.

"சார், யுவர் ஹெட்செட் நோ ப்ராப்ளம். டூ போர்டு, ஒன் நம்பர். மை மிஸ்டேக்."

என் வாழ்க்கையில் அந்நியர் முன்னால் நான் பேசிய நீளமான இங்கிலீஷ் அதுதான். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதினொன்றைத் திருப்பி, நான் புதிதாக ஒட்டிய இடத்தை நகத்தால் தொட்டார்.

"டெட் போர்டு?" என்றார். தலையாட்டினேன்.

அவர் சிரித்தார். சத்தமாக இல்லை, தோள் குலுங்க. "மை லேப் ஆல்சோ" என்றார். "சேம்."

அவர்கள் லேபிலும் அப்படித்தானாம். ஆயிரம் பக்கத்தில் இல்லாத ஒரு விதியை நாங்கள் இரண்டு பேரும் சொல்லி வைத்தாற்போல் கடைப்பிடித்திருக்கிறோம்.

ஆனால் தாளைத் திருத்த வேண்டும். எங்கள் பக்கம் சேஷாத்ரி சார்தான் கையெழுத்துப் போட முடியும். கூட்டத்தை நடத்துகிறவர்களில் ஒருவர் வந்து நின்றார். முந்தின நாள் தாளில் எழுதியிருந்ததை அடித்து, தவறு போர்டின் பக்கம் என்று எழுதி, சேஷாத்ரி சார் கையெழுத்திட்டார். லின்னிடம் வருத்தம் தெரிவித்தார். அவர் குரல் நன்றாகத்தான் இருந்தது. லின் தன் பழைய நிரலைத் திரும்பப் போடப் போனதும் சார் என் பக்கம் திரும்பினார்.

"காலைல நான் உங்கிட்ட என்ன சொன்னேன்?"

நான் பதினொன்றை அணைத்து அதன் ஒயரைச் சுற்றினேன்.

"சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அப்புறம்?"

"பயமா இருந்தது சார்."

"எதுக்கு? சொல்றதுக்கா, சொல்லாம இருக்கறதுக்கா?"

"ரெண்டுக்கும் சார்."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு போனார். நல்ல மனிதர்தான். அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள்.

7

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கமான கம்பெனி பஸ்ஸில் போனேன். பத்து மணிக்கு எண் எழுதும் நோட்டைப் பிரவீணிடம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். மூன்று மணிக்கு நிரந்தரமாகிறவர்களின் பட்டியலை கேன்டீன் சுவரில் ஒட்டினார்கள். நான்கு பேர். என் பெயர் இல்லை. நாலரை மணிக்கு பிரவீண் இரண்டு போர்டு கொண்டுவந்து கொடுத்தான், ஒட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.